ஒற்றைப்படையில் திறக்கும் தொட்டி

விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்த பிறகு பழைய அலுவலகத்திலிருந்து எனக்கு வரும் கேள்விகள் பெரும்பாலும் கடவுச்சொல் பற்றியவை. இந்த முறை வந்தது வேறு. என் இடத்தில் இப்போது இருக்கும் நிவேதா, போனில் கேட்டிருக்கலாம், நேரிலேயே வந்தாள்.

"மேடம், வல்லம் பக்கத்து ரைஸ் மில்லுக்கு நாம செஞ்சு குடுத்த ப்ரோக்ராம்ல நீங்க ஒரு நிறுத்தம் வெச்சிருக்கீங்கல்ல? நடுவுல நின்னு, மணியா, திறப்பான்னு ஸ்கிரீன்ல கேக்குமே. அத எடுத்துடலாமா?"

"ஏன் எடுக்கணும்?"

"இதுவரைக்கும் அந்த ஆபரேட்டர் குடுத்த பதில் எல்லாத்தையும் எடுத்துப் பார்த்தோம். நம்ம பழைய ரூல் என்ன சொல்லுதோ அதையேதான் அவரும் சொல்லியிருக்காரு. ஒண்ணு கூட மாறல. அப்புறம் எதுக்கு அவர ஒக்கார வெச்சுக் கேட்டுக்கிட்டு இருக்கணும்?"

நியாயமான கேள்வி. ஆனால் அந்த நிறுத்தம் காக்கிற தொட்டிக்குக் கீழே பெண்கள் நின்று வேலை செய்கிறார்கள். பார்த்துச் சொல்கிறேன் என்றேன். கிளம்பும்போது, "இப்பல்லாம் பார்சர் வேணும்னா ஏஐகிட்ட கேட்டா போதும், உடனே குடுத்துடுது. நீங்கல்லாம் எப்படிப் பண்ணீங்கன்னு எழுதிக் குடுங்க மேடம், புதுசா வந்தவங்க படிக்கட்டும்" என்றாள். இது அதற்காக எழுதுவது. நான் எதையும் வரிசையாக வைத்துப் பழகியவள். இந்த விஷயத்தை மட்டும் எந்த வரிசையில் வைத்தாலும் குழப்பமாகவே இருக்கிறது. நடந்தபடியே சொல்கிறேன்.

விழுப்புரத்தில் படித்தேன், சென்னையில் வேலை கற்றேன். கற்றது ஒன்றே ஒன்று: பார்சர் எழுதுவது. இயந்திரத்துக்கு மனிதர் எழுதித் தரும் கட்டளைகளை வரி வரியாகப் பிரித்து, எது செயல், எது எண், எது எதைச் சேர்ந்தது என்று கண்டுபிடிக்கும் கருவி அது. அதற்கு முதலில் அந்தக் கட்டளை மொழியின் இலக்கணம் தெரிய வேண்டும். இலக்கணத்தைக் கையால் எழுதியே என் இளமை போயிற்று. கொரோனாவுக்குப் பிறகு எங்கள் முதலாளி, சொந்த ஊர் செஞ்சி என்பதால், திருவண்ணாமலை சாலையில் ஓர் உரக்கடையின் மாடியைப் பிடித்து அலுவலகத்தை அங்கே கொண்டுவந்தார். எனக்கும் அது சொந்த ஊர். கோட்டைக்கு எப்படிப் போவது என்று கேட்டு மாடியேறி வருகிறவர்களுக்கு வழி சொல்வதும் எங்கள் வேலைகளில் ஒன்றாயிற்று.

எங்கள் பிழைப்பு பழைய கட்டுப்பாட்டுப் பெட்டிகள். ஆலைகளில் எப்போதோ யாரோ செய்து மாட்டிய பெட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி மொழி இருக்கும். செய்தவர் இருக்க மாட்டார். விளக்கப் புத்தகமும் இருக்காது. அதில் இருக்கும் கட்டளைகளைப் படித்துப் புதுப் பெட்டிக்கு மாற்றித் தர வேண்டும்.

எனக்கு மேலே இருந்தவர் தெய்வசிகாமணி சார். திரையைப் பார்க்கவே மாட்டார். நாற்காலியைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டு, ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்து, "வாசிங்க" என்பார். இலக்கணத்தின் ஒவ்வொரு விதியையும் முழுத் தமிழ் வாக்கியமாக நாங்கள் வாய்விட்டு வாசிக்க வேண்டும். நடுவில் தடுமாறினால், "மூச்சு வாங்குது. ரூல ரெண்டா ஒடைங்க" என்பார். திட்டியதே இல்லை. பிடிக்காவிட்டால் "சந்தோஷம்" என்பார். அந்தச் சொல்லுக்கு அலுவலகமே பயப்படும்.

பரிணாம முறையைக் கொண்டுவந்ததும் அவர்தான். வேலைகள் குவிந்துவிட்டன, கையால் எழுதி மாளவில்லை.

"விதைக்கு மணிலா பொறுக்குறதில்லையா, அந்த மாதிரிதான் கஸ்தூரி" என்றார். எங்கள் பக்கம் வேர்க்கடலைக்கு மணிலா என்று பெயர்.

"பொறுக்குறவங்களுக்கு எது நல்ல கொட்டைன்னு தெரியும் சார். கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்?"

"பழைய பெட்டி செஞ்சத அப்படியே செய்யிறது எதுவோ அது நல்ல கொட்டை. அவ்ளோதான்."

முறை இதுதான். கண்டபடி நிறைய இலக்கணங்களைக் கணினியே உண்டாக்கும். பழைய பெட்டியின் கட்டளைகளை ஒவ்வோர் இலக்கணத்தாலும் வாசித்துப் பார்க்கும். பெட்டி உண்மையில் என்ன செய்தது என்ற பதிவு எங்களிடம் இருக்கும். இலக்கணம் சொல்வதும் பெட்டி செய்ததும் எத்தனை இடத்தில் ஒத்துப்போகிறதோ அத்தனை மதிப்பெண். குறைந்தவற்றை எறிந்துவிடும். மிஞ்சியவற்றில் இரண்டிரண்டாக எடுத்து, ஒன்றின் பாதி விதிகளையும் மற்றதின் பாதி விதிகளையும் சேர்க்கும். அங்கங்கே ஒரு விதியைச் சும்மா மாற்றும். மறுபடி மதிப்பெண். இப்படியே தலைமுறை தலைமுறையாக ஓடும். கடைசியில் வருவதிலிருந்து பார்சர் தானாகவே தயாராகிவிடும். ஒரு நூல் ஆலைக்கும் ஒரு ஐஸ் கம்பெனிக்கும் இப்படிச் செய்தோம், நன்றாகவே வந்தது. அடுத்து வந்தது வல்லம் பக்கத்து அரிசி ஆலை.

அங்கே புழுங்கலுக்கு நெல் அவிக்கும் பெரிய தொட்டி உயரத்தில் இருக்கிறது. நெல் வெந்ததும் அடிமூடி திறந்து, கொதிக்கக் கொதிக்கக் கீழே கொட்டும். அதைத் தள்ளுவண்டியில் வாங்கிக் களத்துக்குக் கொண்டுபோகப் பெண்கள் அடியில் நிற்பார்கள். திறப்பதற்கு முன்னால் மணி அடிக்கும், அவர்கள் விலகிக்கொள்வார்கள். மணி வேறு காரியங்களுக்கும் அடிக்கும்: தண்ணீர் மாற்ற, டீக்குக் கூப்பிட. எல்லாவற்றையும் நடத்தியது கன்னியப்பன் என்ற உள்ளூர் எலக்ட்ரீஷியன் செய்த பெட்டி. அவர் காலமாகிவிட்டார். கட்டளைகளைத் தமிழ்ச் சொற்களாகவே, ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தார். நீர், ஆவி, நில் எல்லாம் எளிதாகப் புரிந்தன. ஒரு சொல் மட்டும் புரியவில்லை: ஓ, எல், ஐ.

நான் ஒளி என்று படித்தேன். விளக்குப் போடு.

"மில்லுல அப்படி ஒரு லைட்டே இல்லையேம்மா" என்றார் சிகாமணி சார்.

பதிவைப் பார்த்தால், அந்தச் சொல் வந்த சில இடங்களில் மணி அடித்திருக்கிறது. சில இடங்களில் தொட்டி திறந்திருக்கிறது. மணி என்றால் அது ஒலி. திறப்பு என்றால்? "ஒழி," என்றார் சார். "பாத்திரத்த ஒழிச்சுப் போடுன்னு சொல்றோம்ல." இரண்டு சொற்கள், ஒரே எழுத்துகள். எப்போது எது? நான் கையால் எழுதிய இலக்கணத்தால் அதைச் சொல்ல முடியவில்லை. இரண்டும் ஒன்றைப் போலவே இருக்கும்போது எந்த இலக்கணத்தால் முடியும்?

பரிணாம முறை முழு மதிப்பெண் வாங்கியது.

"வாசிங்க" என்றார்.

வாசித்தேன். "முந்தைய வரியில் உள்ள காத்திருப்பு நேரம் ஒற்றைப்படை எண்ணானால் தொட்டியைத் திறக்க வேண்டும், இரட்டைப்படை எண்ணானால் மணி அடிக்க வேண்டும்."

பக்கத்து மேசையில் சிரித்தார்கள். சார் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. "சந்தோஷம்" என்றார்.

அந்த விதியைத் தடை செய்து மறுபடி ஓட்டினோம். வந்தது இன்னும் மோசம்: வரி எண்ணைப் பார்த்து முடிவு செய்யும் ஒரு விதி, அதற்கும் மதிப்பெண் குறைவு. தடையை எடுத்தால் ஒற்றைப்படை திரும்பி வந்து நிற்கும். அன்று என் நாட்குறிப்பில் இரண்டே சொல்: விளங்கவில்லை, முழுமதிப்பெண்.

ஆலைக்குப் போனேன். பெட்டியை ஓட்டுகிற ஏழுமலை, மூடியின் நெம்புகோலுக்குப் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். கட்டளை அச்சைக் காட்டி, இந்தச் சொல் என்ன என்று கேட்டேன்.

"ஒளி."

"ஒளின்னா? லைட்டா?"

"லைட்டு இல்லம்மா. மணி அடிக்கும்ல, அந்த ஒளி."

"அப்ப தொட்டி திறக்குறது?"

"அதுவும் ஒளிதான்."

"ரெண்டும் ஒண்ணா?"

"ஒண்ணு எப்டி ஆவும்? அது மணி, இது தொட்டி. இன்னாம்மா நீங்க, படிச்சவங்க!"

தொட்டியின் அடியில் வண்டியோடு நின்றிருந்த செல்வி சிரித்தாள். ஏழுமலைக்கு முறைப்பெண் போலிருந்தது. அவரை ஒரு நிமிஷமும் விடவில்லை. "அதுகிட்டப் போயி கேக்கறீங்களே யக்கா. அது பேரையே ரேஷன் கார்டுல இங்கிலீசுல எலுமலன்னு போட்டுக்கினு இருக்குது. எலி மலைல ஏறுன கத!"

"ஏய், வாய மூடு. மேல நெல்லு இருக்குது, தொறந்துடுவேன்."

"தொற பாப்போம். மணி அடிக்காம தொறந்தா ஒன் பொண்டாட்டிக்கு யாரு பதில் சொல்றது?"

அந்தப் பேச்சில் எனக்கு வேண்டிய விடை பாதி இருந்தது. அப்போது அது எனக்குத் தட்டுப்படவில்லை. எந்த இடத்தில் எது என்பது ஏழுமலைக்கும் தெரியாது. நேர எண்ணைப் பெரிதாக வைத்தால் மணி நீளமாக அடிக்கும் என்றார். பதிவைப் பார்த்தால் அதுவும் தவறு. ஒன்று மட்டும் உறுதியாகத் தெரிந்துகொண்டு வந்தேன். புது ஏற்பாட்டில் அவர் ஸ்டூலில் இருக்க மாட்டார். தள்ளியிருக்கும் கண்ணாடி அறையில் திரைக்கு முன்னால் இருப்பார். பார்சர் மணியைத் திறப்பு என்று தவறாகப் படித்தால், வேகும் நெல் செல்வி தலையில்தான் கொட்டும்.

சிகாமணி சார் மகளுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. பெண் வீட்டார் பக்கத்தில் சீர்த்தட்டு தூக்குகிறவர்களில் நானும் ஒருத்தி. மண்டப வாசலில் அவர் மனைவி தட்டுகளை எண்ணிப் பார்த்துக் கத்தினார்.

"பத்தா? பத்துத் தட்டோட எப்படிங்க உள்ள போறது? ஒத்தப்படையா இருக்க வேணாமா?"

சார் அவசரமாக ஒரு காலித் தட்டைப் பிடித்து, யாரோ வைத்திருந்த கற்கண்டுப் பொட்டலத்தை அதில் வைத்தார். நான் அவரையே பார்த்தேன். கன்னியப்பன் திறப்புக்கு முன்னால் எழுதியிருந்த எண்கள்: இருபத்தொன்று, முப்பத்தைந்து, பதினொன்று.

"சார், ஒத்தப்படை."

"அதான்மா பதினொண்ணு ஆக்கிட்டேன்."

"தட்டு இல்ல சார். தொட்டி."

தட்டோடு அப்படியே நின்றுவிட்டார். "வெந்த நெல்ல எறக்குறது நல்ல காரியம்" என்றார் மெதுவாக. "ஒத்தப்படையிலதான் ஆரம்பிச்சிருப்பான்."

"மணிக்கு?"

"மணிக்கு என்ன நாளு, நட்சத்திரம்? பத்து, இருபதுன்னு போட்டிருப்பான்." உள்ளே மேளம் கொட்டி அவரைக் கூப்பிட்டார்கள். போகிற போக்கில் திரும்பி, "அவன் பழக்கமா, பெட்டியோட இலக்கணமா? அத முதல்ல பாருங்க" என்றார்.

பார்ப்பதற்கு ஆலையில் ஓர் உபரிப் பெட்டி இருந்தது, கன்னியப்பனே செய்தது. அதை வாங்கி வந்து மேசையில் வைத்தேன். மணிக்குப் பதில் ஒரு பல்பு, மூடிக்குப் பதில் ஒரு பல்பு. பெட்டிக்குள் ஏற்கெனவே இருந்த கட்டளைகளில், ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டும். திறப்பு வரிக்கு முன்னால் இருந்த எண்ணை இரட்டைப்படையாக்கினேன், வேறெதையும் தொடவில்லை. திறப்பு பல்புதான் எரிந்தது. மணி வரிக்கு முன்னால் ஒற்றைப்படை வைத்தேன். மணி பல்புதான் எரிந்தது. பெட்டிக்கு எண்ணைப் பற்றிய கவலையே இல்லை. அப்படியானால் எதைப் பார்த்துப் பிரிக்கிறது?

பெட்டியின் திரை தீப்பெட்டி அளவு. கீழே உரக்கடையில் இலைப்பூச்சி பார்க்க வைத்திருந்த லென்ஸை வாங்கி வந்து பார்த்தேன். மணி வரியில் நடு எழுத்து சின்ன எல். திறப்பு வரியில் பெரிய எல். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதும்போது லகரத்துக்குச் சின்னதும் ளகரத்துக்குப் பெரியதும் போடும் வழக்கம் பலருக்கு உண்டு. ழகரத்துக்கு வேறு எழுத்துகள் இருக்கின்றன. ஆனால் எங்கள் பக்கத்து வாயில் ஒழியும் ஒளிதான். ரேஷன் கார்டில் ஏழுமலை எலுமலை ஆனது போல, கன்னியப்பனும் வாயில் வந்தபடி எழுதினார்: பெரிய எல். ஆலையில் பெட்டியிலிருந்து கட்டளைகளைப் படியெடுத்த கருவியோ எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கிக் கொடுத்தது. உண்மையான அடையாளம் எங்களிடம் வந்து சேரவே இல்லை. அது இல்லாத இடத்தில், பரிணாமம் தேடித்தேடி அவருடைய ஒற்றைப்படைப் பழக்கத்தைப் பிடித்து அதை இலக்கணமாக்கியிருக்கிறது.

விதி பொய். ஆனால் அத்தனை பதிவிலும் ஓர் இடத்தில்கூட அது தவறவில்லை. அதை என்னவென்று சொல்வது?

லென்ஸை வைத்தே எல்லாவற்றையும் திருத்திவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் உபரிப் பெட்டியில் சில கட்டளைத் தொகுதிகளே இருந்தன. ஓடும் பெட்டியின் திரை எப்போதோ செத்துவிட்டது. முன்பு ஓடியவற்றுக்குப் பதிவு இருக்கிறது, கவலையில்லை. எழுதி வைத்து ஓட்டாமலே விட்ட நெல் ரகங்களுக்கான தொகுதிகளில், கன்னியப்பன் எதை நினைத்தார் என்பதற்கு மிஞ்சியிருந்த ஒரே சாட்சி அந்தப் பொய் விதிதான். அதோடு ஆலையில் யாரும் புதிதாக எழுதுவதில்லை. பழைய தொகுதியைப் படியெடுத்து, எண்ணை மாற்றி, ஒரு வரியைச் சேர்த்து ஓட்டுவார்கள். மணி, திற என்று இரண்டு புதுச் சொற்கள் கொடுத்தோம். "பழகினதே இருக்கட்டும்" என்று ஆலைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள்.

சார் அந்த விதியையே வைக்கலாம் என்றார். பதிவில் இல்லாத இடத்தில் அந்தச் சொல் வந்தால் பார்சர் மணி மட்டும் அடித்துவிட்டு நிற்க வேண்டும், திரையில் ஆளைக் கேட்க வேண்டும் என்றேன் நான்.

"ஆட்டோமேட்டிக்னு சொல்லிக் குடுத்துட்டு, நடுவுல நின்னு எனக்குத் தெரியலன்னு சொன்னா மில்லுக்காரன் சிரிக்க மாட்டான்?"

"கீழ ஆளு நிக்குது சார்."

"அந்த ஒத்தப்படை ரூல வாசிங்க."

வாசித்தேன்.

"மூச்சு வாங்கல. நல்லாத்தான் இருக்குது." ஜன்னலைப் பார்த்தபடியே தொடர்ந்தார். "ஏன் சரின்னு கேட்டா சொல்ல முடியல. ஏன் தப்புன்னு கேட்டா, தப்பே பண்ணலையே. வைங்கம்மா ஒங்க நிறுத்தத்த."

வைத்தோம். திரை ஏன் கேட்கிறது என்று ஏழுமலைக்கு விளக்கும்போது ஒற்றைப்படைக் கதையையும் சொன்னேன். "கன்னியப்பன் கெட்டிக்காரன்மா" என்று சிரித்தார்.

இதெல்லாம் பழைய கதை. நிவேதா வந்து போன மறுநாள் வல்லத்துக்குப் பஸ் ஏறினேன். ஏழுமலை கண்ணாடி அறையில் இருந்தார். ஏசி ஓடவில்லை, கதவைத் திறந்து வைத்திருந்தார். தினமும் கட்டளை மாற்றுகிற சூப்பர்வைசர் லீவு. பதிலாளாகத் திண்டிவனத்திலிருந்து ஓர் எலக்ட்ரீஷியன் வந்திருந்தார்.

"திரை கேக்கும்போது எத வெச்சுப் பதில் சொல்றீங்க?" என்றேன்.

"நம்பர்தான். ஒத்தப்படன்னா தொறப்பு, ரெட்டப்படன்னா மணி. நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க. சூப்பர்வைசர்கிட்டயும் சொல்லிட்டேன், அவரும் அப்டியேதான் போடறாரு. கொயப்பமே இல்ல."

நிவேதா கண்ட ஒற்றுமை எங்கிருந்து வந்தது என்று அப்போது புரிந்தது. எங்கள் விதி, எங்கள் விதியோடுதான் ஒத்துப்போயிருக்கிறது. ஆனால் எல்லோரும் அதன்படியே நடந்தால் அது இன்னும் பொய்யா? அதை யோசித்துக்கொண்டிருக்கும்போது மணி அடித்தது. திரை நின்றது. மணியா, திறப்பா? மேலே காத்திருப்பு நேரம்: பதினைந்து.

ஏழுமலை என்னிடம் பேசிக்கொண்டே திறப்பின் மேல் விரலைக் கொண்டுபோனார். நானும் பதினைந்தைப் பார்த்தேன். எனக்கும் திறப்பு என்றுதான் தோன்றியது.

"யோவ் மாமா!" கீழேயிருந்து செல்வி. "இன்னாத்துக்கு நிக்குது? டீக்கு மணி அடிச்சா போறோம். நெல்லு இன்னும் வெந்து வாயே பொளக்கல, தொறந்து கிறந்து தொலச்சிடாத!"

விரல் நின்றது. பதிலாளுக்கு ஒற்றைப்படைக் கதை தெரியாது, எண் என்றால் எண்தான். டீ மணிக்குப் பதினைந்து நிமிஷம் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார். ஏழுமலை மணி என்று பதில் கொடுத்துவிட்டு, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் வெளியே போனார். கீழே பெண்கள் வண்டியை விட்டுவிட்டு டீக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

நிறுத்தத்தை எடுக்க வேண்டாம் என்று அன்றே நிவேதாவுக்குச் சொன்னேன். காரணம் கேட்டாள். திரை காப்பாற்றியது என்று சொல்ல முடியவில்லை; திரைக்கு எதுவும் தெரியாது. அதற்கு முன்னால் இருந்த எங்கள் இருவருக்கும் தெரிந்ததோ தவறு. செல்வி கத்தி முடிக்கும்வரை தொட்டி மூடியிருந்தது, அவ்வளவுதான். அந்த நேரத்தை மட்டும் எடுத்துவிடாதீர்கள் என்றேன்.

"அத எந்த ரூல்ல எழுதுறது மேடம்?" என்றாள்.

சொல்லிப் பார்த்தேன். எப்படிச் சொன்னாலும் மூச்சு வாங்குகிறது.